சிவப்புக் கோடு போட்ட டப்பா

இரண்டு கோடைக்கு முன்னால், அந்தமானில் போர்ட் பிளேர் லம்பா லைன் பகுதியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. வைகாசி பிறந்தும் மழை இறங்கவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்த குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை ஆனது. அணை வற்றுகிறது, சிக்கனமாக இருங்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

எனக்கென்ன என்று இருந்தேன். எங்கள் வீட்டில் உறைக்கிணறு உண்டு. என் வீட்டுக்காரர் இருந்தபோது இறக்கியது. தெருவே டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் நான் ஒருநாளும் தண்ணீருக்கு வரிசையில் நின்றதில்லை.

ஒரு காலையில் தண்ணீர் ஆபீஸிலிருந்து ஜூனியர் எஞ்சினியர் பெண் ஒருத்தியும் பம்புக்காரரும் வந்தார்கள். ஏரியாவில் உள்ள கிணறுகளையெல்லாம் சோதித்து, நல்ல கிணறுகளிலிருந்து தெருத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றப் போகிறார்களாம். "மழை பிடிக்கிற வரைக்கும் குடுங்கம்மா. இந்த உறைக்குக் கீழ தண்ணி போனா பம்ப்பை எடுத்துடுவோம்" என்று சொல்லி, கிணற்றுக்குள் ஓர் உறையில் சிவப்புப் பெயின்டால் கோடு போடச் செய்தாள்.

மருமகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாள். மகன் கப்பல் வேலையில் மெயின்லேண்டு போயிருந்தான். பச்சைப்பிள்ளை வீட்டுக்கு வரப்போகிற நேரம். ஆனால் தெருவே வாசலில் நின்று பார்க்கிறது. "தாராளமா எடுத்துக்கங்க. என் கிணறு வத்தாது" என்று சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம் விடிந்ததும் கிணற்றை எட்டிப் பார்ப்பதே என் வேலையாகிவிட்டது. ஒவ்வோர் உறையாக வெளியே தெரிந்தது. சிவப்புக் கோடு தெரிந்த அன்றே, சொன்ன சொல்படி பம்ப்பை எடுத்துவிட்டார்கள். ஆனால் ஊற்று ஏறவில்லை. மருமகள் பிள்ளையோடு வந்து இறங்கிய அன்று வாளியில் வந்தது வெறும் கலங்கல்.

வெளியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மருமகளிடம், டிரம் நிறைய இருக்கிறது என்றேன். அதில் அடியில்தான் கொஞ்சம் கிடந்தது. நான் குளிப்பதை விட்டேன். பிள்ளைத் துணி அலசிய தண்ணீரிலேயே மறுபடி அலசினேன். பிள்ளைக்குத் தொடையிடுக்கெல்லாம் சிவந்துபோய் அது வீறிட்டு அழுதபோது டிரம்மைச் சாய்த்துப் பார்த்தேன். ஒரு சொம்புகூடத் தேறவில்லை.

பம்ப்பை எடுத்தபிறகு தெருவுக்குத் தண்ணீர் டேங்கர்தான் வந்துகொண்டிருந்தது. அன்று மத்தியானம் அது வரும் நேரத்துக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். எங்கள் தெருவில் ஆள் நிற்பதில்லை, டப்பாதான் நிற்கும். காலையிலேயே அவரவர் டப்பாவை வரிசையில் வைத்து, காற்றில் உருளாமல் உள்ளே ஒரு கல்லைப் போட்டுவிட்டுப் போவார்கள். வரிசை வளைவு வரைக்கும் போயிருந்தது. என் குடம் கடைசி. அதுவரை வருவதற்குள் டேங்கர் காலியாகிவிடும் என்று பார்த்ததுமே தெரிந்தது.

வரிசையின் முன்னாலிருந்து எதிர்வீட்டு வங்காளிப் பெண் கூப்பிட்டாள். அவள் ஆடு என் கீரைப்பாத்தியை மேய்ந்த நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சு கிடையாது. தெருவில் கேட்டுக் கற்ற தமிழ் அவளுடையது, அதில் மரியாதையெல்லாம் வராது.

"அம்மா, அங்க ஏன் நிக்கிறே? இதர் ஆவோ, இங்க வா. உன் டப்பா இங்க இருக்கு."

அவள் டப்பாவை ஒட்டி ஒரு பழைய எண்ணெய் டப்பா நின்றது. நடுவில் சிவப்புக் கோடு. பம்ப்பை எடுத்த அன்றே பம்புக்காரரிடம் மிச்சப் பெயின்டைக் கேட்டு வாங்கி, என் கிணற்றில் போட்ட மாதிரியே கோடு இழுத்து வைத்தாளாம். யாருடையது என்று தெருவுக்கே தெரிந்ததால் ஒருவரும் நகர்த்தவில்லை. டேங்கர் வரும் நாளெல்லாம் அதை வரிசையில் வைத்து, நான் வராததால் காலியாகவே திருப்பி எடுத்துப் போயிருக்கிறாள்.

ரொப்பி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கலாமே என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"கொண்டுவந்தா நீ வாங்குவியா?" என்றாள்.

நிறைந்த டப்பாவை அவள் ஒருபக்கம் பிடிக்க, நான் ஒருபக்கம் பிடித்து மேடேறினோம். அன்று வெந்நீர் ஊற்றியபிறகுதான் பிள்ளை அசந்து தூங்கியது.

மழை பிடித்துக் கிணறும் ஏறிவிட்டது, கோடு தண்ணீருக்குள் மறைந்துவிட்டது. ஆனாலும் கோடையில் தெருவில் டப்பாக்கள் வரிசை கட்டத் தொடங்கினால் நானும் ஒரு காலி டப்பாவோடு போகிறேன், எந்த வீட்டிலிருந்து இன்னும் யாரும் இறங்கி வரவில்லை என்றுதான் முதலில் பார்க்கிறேன்.