சனம் கும்பிட்ட காளி

எழுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்தில் நான் கிளாக்கராக இருந்தனான். ஊர்ப்பழி தாங்காமல் கடலில் இறங்கிச் சாகிற ஒரு நாவல் நாயகியை நண்பர்கள் சேர்ந்து நாடகமாக்கினோம். "அவள் சாகவேண்டாம், காளியாகத் திரும்பி வரட்டும்" என்றார் நாடகத்தை எழுதிய பரமு. கிண்ணியா ஓவியர் நசீர் திரையில் கடலைத் தீட்டினார். குழுவில் ஒரே பெண்ணான நானே நாயகியாக நடித்தேன்.

ஒரு கரையோரக் கோயில் முன்றலில் மேடை போட்டோம். தலைவிரி கோலமாய், சூலத்தோடு அந்தக் கடலிலிருந்து நான் எழும்ப, சனம் எழுந்து நின்று கும்பிட்டது. முன்வரிசையில் ஒரு அம்மா மட்டும் கும்பிடவில்லை. நாடகம் முடிந்ததும் என்னிடம் வந்தா.

"என்ர மகளும் இப்பிடித்தான் கடலுக்குள்ள போனவள், பிள்ளை. அவளைப் பற்றிக் கதை கட்டின ஆக்கள்தான் இப்ப உன்னைக் கும்பிட்டவை."

கையிலிருந்த சூலத்தைக் கீழே வைத்தேன்.

"அவள் உயிரோட இருக்கேக்க ஒருத்தரும் எங்கட வீட்டுப் படலைக்குள்ள வரேல்லை" என்று சொல்லிவிட்டு அவ போய்விட்டா.

நாங்கள் அந்த நாடகத்தைப் பிறகு போடவில்லை. இன்றைக்கும் ஒரு பெண்ணைப் பற்றி ஊர் கதைக்கத் தொடங்கினால், நான் உடனே அவள் வீட்டுக்குப் போய்விடுவேன். அவள் தெய்வமாகிவிட முந்திப் போகவேண்டும் என்ற பயம்தான்.