கழற்றி மாட்டும் பல்

எழுபதுகளின் கடைசியில் டெல்லியில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் ஆப்பரேஷன் தியேட்டரில் நான் நர்ஸ். மயக்கம் கொடுத்ததும் நோயாளியின் தொண்டைக்குள் மூச்சு விட ஒரு ரப்பர் குழாயை இறக்குவார்கள். அதற்காக வாய்க்குள் விடும் இரும்புக் கருவி மேல்வரிசையில் இடித்தால் பல் போயிற்று. ஆடுகிற பல் என்றால் நூல் கட்டி நுனியைக் கன்னத்தில் ஒட்டிவிடுவேன். மற்றவர்களுக்கு ஈரத்துணியை மடித்து மேல்பல்லில் வைப்பேன். எங்கள் மயக்க டாக்டருக்கு அது பெரிய வேடிக்கை. வெளிநாட்டில் படித்த மேதை அல்லவா! ஒரு கிழவரின் பல்லை உடைத்து மூச்சுக்குழலுக்குள் தள்ளிவிட்டு, அது ஏற்கெனவே ஆடியது என்று கேஸ் தாளில் எழுதியவர்.

அந்தக் கையில் என் கணவரை ஒப்படைக்க நேர்ந்தது. ஹெர்னியா ஆப்பரேஷன். மத்திய அரசு குமாஸ்தாவான அவருக்கு முன்பல் ஒன்று கழற்றி மாட்டுவது. கரோல் பாக் கடைத்தெருவில் ஆபீசுக்குத் தெரியாமல் ரகசியமாகச் செய்துகொண்டது. தூங்கும்போதுகூடக் கழற்ற மாட்டார். ஆப்பரேஷனுக்கு முன் கழற்றிவிடச் சொல்லிப் படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டினார்.

காலையில் போய்ப் பார்த்தால் அவருடைய ஆபீஸ் செக்‌ஷன் முழுவதும் ஆரஞ்சுப் பழப் பையோடு கட்டிலைச் சுற்றி நிற்கிறது. எங்கள் ஜனங்களுக்கு ஆஸ்பத்திரியும் ஆபீசின் ஒரு கிளைதான். நடுநாயகமாக செக்‌ஷன் ஆபீசர். டாக்டர் வந்து கால்மாட்டில் நின்றபடியே, ஆடும் பல், கட்டின பல் ஏதாவது உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் கணவர் ஆபீசரை ஒரு பார்வை பார்த்தார். முப்பத்திரண்டும் சொந்தம் என்று அந்தப் பல்லையே காட்டிச் சிரித்தார். டாக்டர் தாளில் டிக் போட்டார்.

வாயைத் திறந்து பாருங்கள் என்றேன். தான் பல் டாக்டர் இல்லை என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். நோயாளியின் மனைவி என்பதால் எனக்கு அன்று தியேட்டருக்குள் இடமில்லை.

எனக்குப் பயம்தான். பயத்தைவிட அருவருப்பு அதிகம். ஒருவர் பார்க்க மாட்டார், இன்னொருவர் காட்ட மாட்டார். இந்த லட்சணத்தில் அந்தப் பல் கழன்று உள்ளே போனால் தாலி அறுப்பது நான்.

டிராலி நகர்ந்தது. செக்‌ஷனும் கூடவே வந்தது. தியேட்டர் வாசலில் நிறுத்தி, "வாயத் தொறங்க" என்றேன்.

"ஏட்டி, ஆபீசர் நிக்காரு" என்று வாயைத் திறக்காமலே முனகினார்.

மூக்கைப் பிடித்தேன். வாய் தானாகத் திறந்தது. இரண்டு விரலை விட்டுத் தகட்டோடு பல்லைக் கழற்றி, எச்சில் சொட்டச் சொட்ட செக்‌ஷன் ஆபீசர் கையில் கொடுத்தேன். கொஞ்சம் வைத்திருங்கள் என்று இந்தியில் மரியாதையாகவே சொன்னேன். உள்ளே போகும் ஜூனியர் நர்ஸிடம் மடித்த ஈரத்துணியைத் திணித்தேன்.

மத்தியானம் ஒரு கீறல்கூட இல்லாமல் வெளியே வந்தார். அப்புறம் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. முறுக்கிக்கொண்டு இருப்பதற்கும் மூச்சு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் புரிகிற ஆளாக இருந்தால் பல்லைக் கழற்றியிருப்பார்.