ராயபுரத்திலிருந்து டிரினிடாடுக்கு ஒரு விமான டிக்கெட்

இந்தக் கோடை விடுமுறையில் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டிரினிடாடுக்கு விமானத்தில் போய் வந்தேன். அண்ணன் சூசையின் கல்யாணம். கப்பலில் எஞ்சின் வேலைக்குப் போன அண்ணன், ஒன்பது வருஷத்துக்கு முன் அந்தத் தீவில் இறங்கி, எண்ணெய் ஆலையில் ஃபிட்டராகச் சேர்ந்துவிட்டார். பெண் அந்த ஊர்க்காரி. அவளுடைய கொள்ளுத்தாத்தா சென்னையிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவராம். நான் தண்டையார்பேட்டையில் பள்ளி ஆசிரியை, வீடு ராயபுரம். பறந்ததைவிட டிக்கெட் கைக்கு வந்ததுதான் பெரிய பாடு. அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

கப்பலில் போய்ச் சேரவே ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும். எனக்கு லீவே ஆறு வாரம்தான். விமானத்துக்குப் போகவர ஐயாயிரத்து நூறு ரூபாய். என் மாதச் சம்பளம் தொண்ணூறு. அண்ணன் பல வருஷமாக இதற்கென்றே சேர்த்து வைத்திருந்தார். எனக்கும் அப்பாவுக்கும் சேர்த்து அனுப்புவதாக எழுதியிருந்தார். அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறவர். நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

“கப்பல்னா கீழ தண்ணி கீது, முழுகுனா நீந்திக்கலாம். ஏரோப்ளேன்ல கீழ இன்னா கீது? நீ போய்க்கினு வா, நான் வர்ல” என்றார். எவ்வளவு சொல்லியும் அசையவில்லை.

பிப்ரவரியிலேயே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். வந்து சேர ஏழு வாரம். அடுத்து மஞ்சள் காய்ச்சல் ஊசி. இது போகும்போது தேவைப்படாது, திரும்பி இந்தியாவில் இறங்கும்போதுதான் கேட்பார்கள். வாரத்தில் ஒரே நாள்தான் போடுகிறார்கள், பத்து நாள் கழித்துத்தான் சீட்டு செல்லும். முன்கூட்டியே போட்டுக்கொண்டதால் தப்பித்தேன்.

விமானக் கம்பெனி மவுண்ட் ரோட்டில். பள்ளி விட்டதும் டோல்கேட்டில் பஸ் ஏறினால் பாரீஸ் கார்னருக்கு இரண்டணா. அங்கிருந்து இன்னொரு பஸ். ஆறு முறை போயிருப்பேன். அங்கே வரதன் என்ற குமாஸ்தா நல்ல வழி ஒன்று சொன்னார். விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு வெளிநாட்டுப் பண அனுமதி கிடைப்பது சிரமம். அண்ணனே அங்கே பணம் கட்டிவிட்டால், அங்கிருந்து தந்தி வரும். அதை வைத்து இங்கே டிக்கெட் எழுதிக் கொடுப்பார்கள். அப்படியே அண்ணனுக்கு எழுதினேன். திங்கட்கிழமை மீனம்பாக்கத்தில் கிளம்பி வியாழக்கிழமை போய்ச் சேருவதாகத் திட்டம். கல்யாணம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு.

கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது டிக்கெட் வாங்கப் போனேன். வரதன் தந்தியையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“அம்மா, இதுல செல்லம்மான்னு போட்டிருக்கு. உங்க பேரு மேரி ரோஸ்லின்.”

“செல்லம்மாவும் நான்தான் சார். வீட்ல கூப்பிடற பேரு.”

“நீங்க சொல்றதை நான் நம்பறேன். லண்டன்ல நம்ப மாட்டாங்க. அங்கேயிருந்து திருத்தித் தந்தி வரணும்.”

அண்ணனைச் சொல்லியும் குற்றமில்லை. பிறந்ததிலிருந்து அவர் என்னை ரோஸ்லின் என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. வெளியே வந்து தந்தி அடித்தேன், பதினெட்டு ரூபாய். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது. இடையில் சனி, ஞாயிறு. திங்கட்கிழமை என் இடம் காலியாகவே விமானம் போனது. வீட்டில் கட்டி வைத்த பெட்டியைப் பார்க்கப் பிடிக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

திருத்தம் செவ்வாய் மத்தியானம் வந்தது. வரதன் பெரிய புத்தகத்தைப் புரட்டி, புதன்கிழமை காலை கிளம்பும் ஒரு வழி கண்டுபிடித்தார். பம்பாய், லண்டன், பெர்முடா, பார்படோஸ், கடைசியில் டிரினிடாட். சனிக்கிழமை காலை ஆறரைக்கு இறங்கலாம். “ஒரு இடத்துல தாமதமானாலும் கல்யாணம் போச்சு. யோசிச்சு அஞ்சு மணிக்குள்ள சொல்லுங்க” என்றார்.

துறைமுக வாசலில் போய் நைனாவை வெளியே வரச் சொல்லிக் கேட்டேன்.

“கல்யாணம் முடிஞ்சப்புறம் போய் இறங்கினா இன்னா நைனா பண்றது?”

“இன்னா யோசிச்சுகினு கீறே? நம்ம வூட்லேர்ந்து ஒரு ஆளாவது அவன் பக்கத்துல நிக்க வாணாவா? போ.”

நாலே முக்காலுக்கு டிக்கெட் என் கையில் இருந்தது.

பம்பாய் வரை ஒன்றுமில்லை. பம்பாயிலிருந்து லண்டனுக்கு ஒரு நாள் முழுக்க ஆனது. காது அடைத்ததோடு சரி. லண்டனிலும் நேரத்துக்கு ஏறினேன். பெர்முடாவில்தான் எஞ்சினில் ஏதோ கோளாறு என்று எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். கண்ணாடி வழியே மெக்கானிக்குகளைப் பார்த்தபடி இரண்டு மணி பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை எட்டு நாற்பதுக்கு இறங்கினேன். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணன் கல்யாணக் கோட்டோடு நின்றிருந்தார். உடம்பு பெருத்திருந்தது, முன்மண்டையில் முடி இல்லை.

“இன்னாமே இவ்ளோ லேட்டு? சர்ச்சுல சாமியாரு காத்துகினு கீறாரு!”

ஒன்பது வருஷமாகத் தமிழ் பேச ஆளில்லாத மனிதர். அதைச் சொல்லிவிட்டு அழுதுவிட்டார். குழாயடியில் முகம் கழுவி, கசங்காத புடவை ஒன்றை உடுத்திக்கொண்டேன். ஊருக்குள் பதினாறு மைல், வாடகைக் காரில் அரை மணி. பத்து மணிக்கு அண்ணன் பக்கத்தில் நான் நின்றேன்.

பதினெட்டு நாள் தங்கினேன். கடற்கரைகள் அழகு, சாப்பாட்டில் காரம் நம் காரமே. அதைப் பற்றி வேறு யாராவது என்னைவிட நன்றாக எழுதுவார்கள். போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: பணம் கட்டுகிறவருக்குப் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாக எழுதி அனுப்புங்கள். விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பே போய்ச் சேரும்படி பதிவு செய்யுங்கள். பெட்டி நாற்பத்து நாலு பவுண்டுக்கு மேல் கூடாது. ஊசிச் சீட்டைக் கைப்பையில் வையுங்கள். திரும்பும்போது பம்பாயில் அது இல்லாத ஒருவரைக் கண்ணெதிரே தனியே அழைத்துப் போனார்கள்.

மீனம்பாக்கத்துக்கு நைனா வந்திருந்தார். பஸ்ஸில் வீடு வரும் வரை, அவன் சாப்பிடுகிறானா, அந்தப் பொண்ணு நல்லா பேசுகிறாளா என்று கேட்டுக்கொண்டே வந்தார். விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராயபுரத்தில் இறங்கி, பெட்டியைத் தோளில் வைத்து நாலடி நடந்ததும் நின்றார்.

“ஆமா, பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எங்க புட்ச்சே?”