மித்கால் போர்த்திக் கொண்டுவந்த பனி

மித்காலுக்குக் குளிர் என்றாலே ஆகாது. ஜோர்தான் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிற எங்கள் ஊரில், ஜனவரியிலும் நாங்கள் வெறும் சட்டையோடு அலைவோம். அவன் மட்டும் இரண்டு கோட்டு மாட்டி, தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு வருவான். பழைய பிக்கப் வண்டியில் தக்காளி ஏற்றிப் பிழைப்பவன். அதிகம் பேசமாட்டான், பேசினால் முரண்டுதான். இப்படிப்பட்டவன் போய் அஜ்லூன் மலைப் பெண்ணைக் கட்டினான் பாருங்கள், அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

சப்ஹாவுக்கு எங்கள் ஊர் வெயிலும் ஈயும் கடைசிவரை பிடிக்கவில்லை. மலையில் பனி கொட்டுகிறது என்று ரேடியோ சொல்லிவிட்டால் போதும், அன்று முழுக்க வாசலில் நின்று அந்தப் பக்கமே பார்ப்பாள். அந்த வருஷம் அவளுக்கு மசக்கை. முன்னால் இரண்டு தடவை கலைந்துபோயிருந்ததால், வண்டியில் ஏறவே கூடாது என்று மருத்துவச்சி உம் ஹம்தான் கட்டளை போட்டிருந்தாள். அப்போது பார்த்து அஜ்லூனில் பனி கொட்டியது. சின்ன வயதில் தின்ற மாதிரி, பனியில் திராட்சைப் பாகை ஊற்றித் தின்ன வேண்டும் என்று சப்ஹாவுக்கு நாக்கு ஊறியது.

"வாயும் வயிறுமா இருக்கறவ ஆசைப்பட்டது கிடைக்கலேன்னா, அதே நிறத்துல குழந்தை உடம்புல தழும்பு விழும். அப்புறம் என்னைக் கேக்காதே" என்றாள் உம் ஹம்தான்.

அவ்வளவுதான். மித்கால் என் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"கிளம்பு அபூ ஈத். மேலே போய்ப் பனி எடுத்துட்டு வரணும்."

"உனக்கென்ன கிறுக்கா? பச்சைத் தண்ணில மூஞ்சி கழுவவே அழுவியே நீ!"

"கிண்டலை வண்டில ஏறிப் பண்ணு."

மலை முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. இரண்டு பேருமே அதுவரை பனியைக் கையால் தொட்டதில்லை. பல் கிட்டிக்க மண்வெட்டியால் அள்ளி வண்டி நிறையக் குவித்தான் மித்கால். பிறகு, தக்காளிச் செடிக்கு மேலே கட்டும் பசுமைக்குடில் பிளாஸ்டிக்கை விரித்து, ஓரமெல்லாம் செருகி இறுக்கி மூடினான். கெட்டுப்போகக் கூடாத எதையும் அந்தத் தாளைப் போட்டு மூடுவதுதான் எங்கள் ஊர் வழக்கம். எனக்கும் அது சரியென்றே பட்டது.

மலையிலேயே குடியிருக்கும் சப்ஹாவின் அண்ணன், பாகு ஜாடியோடு வந்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்ன மாப்பிள்ளை, பனிக்குக் குளிருமேன்னு போர்த்தி விடறீங்களா?"

"எங்க ஊர்ல மூடித்தான் எதையும் காப்பாத்துவோம் மச்சான்" என்று முறைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

பாதி இறக்கத்தில் மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. மித்கால் வண்டியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். பனிக் குவியல் தாழ்ந்துகொண்டே போனது. "காத்து உள்ள போகுதுடா, இன்னும் இறுக்கிக் கட்டு" என்பான். நானும் கட்டுவேன். சூட்டைப் பிடித்துவைக்கத்தான் அந்தத் தாளே இருக்கிறது என்பது, அதை நம்பியே பிழைக்கும் எங்கள் இருவர் மண்டையிலும் உறைக்கவில்லை.

வீட்டு வாசலில் தாளை விலக்கினால் வண்டிக்குள் வெறும் தண்ணீர். நடுவே இரண்டு கை கொள்ளும் அளவுக்கு ஒரு கட்டி மிதந்தது. மித்கால் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "நிறையத்தான் கொண்டுவந்தேன் சப்ஹா…"

அவளோ விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்குள் தெருப் பிள்ளைகள் சூழ்ந்துகொள்ள, உடைத்து உடைத்து அவர்கள் கையில் கொடுக்க ஆரம்பித்தாள்.

"அடியே, குழந்தைக்குத் தழும்பு விழும்டி! நீ தின்னு முதல்ல!" என்று பதறினான் மித்கால்.

"பொறந்த ஊர்ப் பண்டத்தை எப்படிய்யா தனியாத் திங்கறது?" மிஞ்சியதில் பாகை ஊற்றிக் கண்ணை மூடித் தின்றாள். கடைசி வாயை அவனிடம் நீட்டினாள்.

"எனக்குக் குளிரும். நீயே தின்னு."

பெண் பிறந்தது. பனி என்று பொருள்படும்படி தல்ஜா என்று பெயர் வைத்தார்கள். இடது மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு தழும்பு. "என் பொண்ணு வளையலோட பொறந்திருக்கா" என்பாள் சப்ஹா. மித்கால் மட்டும் குழந்தையின் சட்டைக் கையை இழுத்து அதை மறைத்துவிடுவான். தான் போர்த்திய தாளால் வந்த வினை என்று இன்றுவரை நம்புகிறான்.

சப்ஹா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன குளிர்காலத்தில் மலையில் மறுபடி பனி. தல்ஜா தானே காரை ஓட்டிப் போய், தெர்மோகோல் பெட்டியில் அள்ளி வந்தாள். திறந்தபோது ஒரு பிடி குறையாமல் இருந்தது. மித்கால் அதை வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

தல்ஜா கிண்ணத்தில் போட்டுப் பாகை ஊற்றி நீட்டினாள். "இன்னிக்காவது ஒரு வாய் தின்னுங்கப்பா."

அவன் இரண்டு கோட்டோடு உட்கார்ந்து ஒரு கரண்டி வாயில் போட்டான். போட்டதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"வெறும் தண்ணிடா அபூ ஈத். இதுக்கா அவ அப்படி ஏங்கினா?"

கண்ணில் நீர் கொட்டியது. துடைக்கவில்லை. கிண்ணத்தை மகளிடம் நீட்டி, "இன்னும் ஒரு கரண்டி போடும்மா" என்றான்.