ஆட்டுக் கொட்டகையில் ஒரு பிரிட்ஜ்

எங்கள் வீட்டு பிரிட்ஜ் ஒரு நாள் காலை ஆட்டுக் கொட்டகைக்குள் நின்றது. அப்பா அதன் மேல் உரச்சாக்கைப் போட்டு மூடியிருந்தார். வீட்டுக் கடனுக்காக பேங்க் ஆபீசர் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்த நாள் அது. அவருக்கு முன்னால் வந்துவிட்ட லோன் அக்கா, சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு இடுப்பில் கையை வைத்து நின்ற நிற்பு இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

லோன் அக்காவுக்குப் பெயர் உண்டு. நரிக்குடிப் பக்கம் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அருப்புக்கோட்டைத் தறிச் சேலைகளை ஊர் ஊராகத் தவணைக்கு விற்றவர். எந்த வீட்டார் நாணயமானவர்கள் என்பது அவருக்கு அத்துப்படி. அந்தப் பழக்கத்தையே முதலாக வைத்து, பேங்கில் வீட்டுக் கடன் வாங்கித் தரும் வேலைக்கு வந்துவிட்டார். நான் அப்போது டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் சம்பளத்தை நம்பித்தான் கேட்டிருந்தோம். ஏற்கெனவே ஒரு பேங்கில் கையை விரித்துவிட்டார்கள். இதுவும் போனால் ஒழுகுகிற ஓட்டு வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான் என்று அம்மா புலம்பிக்கொண்டிருந்தாள்.

அப்பாவைக் குறை சொல்லி என்ன செய்ய? அவர் பார்த்த ஆபீசர்கள் எல்லாம் அரசாங்கத்தின் இலவச வீட்டுக்கு ஏழைகளைக் கணக்கெடுக்க வந்தவர்கள். வாசலில் பைக் நின்றதைப் பார்த்து ஒருமுறை எங்கள் பெயரை அடித்துவிட்டுப் போனார்கள். அந்தப் பயத்தில் அப்பா பைக்கையும் ஆடுகளையும் பக்கத்துத் தெருவுக்கு ஓட்டிவிட்டார். அம்மா தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்திருந்தாள். என்னையும் கிழிந்த சேலை கட்டச் சொன்னார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

“ஏண்ணே, நாம கடன் கேக்குறமா, கஞ்சிக்குக் கேக்குறமா?” என்றார் லோன் அக்கா. “அவுக பாக்க வாரது நம்மகிட்ட இருக்குறத. இல்லாததப் பாக்க யாரு பெட்ரோலு போட்டுக்கிட்டு வருவா?”

ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். ஆபீசர் வந்து இறங்கியபோது பிரிட்ஜ் நடுவாசலில் நின்றது, அடியில் ஆட்டுப் புழுக்கையோடு. “கழுவிக்கிட்டிருக்கோம் சார்” என்று அக்கா கூசாமல் சொன்னார். ஆபீசர் சிரிக்கவில்லை. “உங்களுக்குன்னு என்னய்யா இருக்கு?” என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா கையைக் கட்டிக்கொண்டார். “ஒண்ணுமில்லைங்க சார். கஷ்டந்தான்.”

அக்கா சத்தம் போடவில்லை. ஆபீசருக்குப் பக்கத்திலேயே இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காந்து சொல்லுங்கண்ணே” என்றார். ஓர் ஆபீசர் முன்னால் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நுனியில்தான் உட்கார்ந்தார். “ஆடு கெடக்கு சார். வண்டி கெடக்கு. எம் மக நர்ஸு வேல பாக்குறா” என்று ஆரம்பித்தவரை அப்புறம் நிறுத்த முடியவில்லை. அம்மா முந்தானையை அவிழ்த்து, தோட்டை அங்கேயே மாட்டிக்கொண்டாள்.

லோன் கிடைத்தது. தளம் போட்ட வீட்டில் இருக்கிறோம். லோன் அக்காதான் இல்லை. காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கண்மாய்க்கரையில் அவருடைய ஸ்கூட்டி மாதிரி சத்தம் கேட்டால் இப்போதும் மனசு ஏங்கிப் போகிறது. இந்தக் காலத்தில் கடன் வேண்டுமா என்று போனிலேயே கேட்கிறார்கள். நேற்றும் ஒரு பெண் கேட்டாள். “வேணாந்தாயி, எங்ககிட்ட எல்லாம் இருக்கு” என்றார் அப்பா.

போனை வைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “உங்க லோன் அக்கா இருந்து இதக் காதால கேட்டிருக்கணும்.”