மலைக் கரண்டும் மதினியின் அடுப்பும்

ஒரு பக்கம் கறுத்து, மறுபக்கம் சாம்பல் பூத்த அரைவேக்காட்டுக் கரித்துண்டு. எங்கள் வீட்டில் சோறு வெந்தது அதில்தான். தூத்துக்குடிக்குக் கரண்டு கொடுத்த பழைய பவர் ஹவுஸில் அப்போது நான் பில் எழுதும் குமாஸ்தா. ஊரில் யார் வீட்டில் எத்தனை பல்பு என்பது எனக்கு மனப்பாடம். என் வீட்டில் ஒன்றும் கிடையாது. தோணியில் போன அண்ணன் திரும்பாமல் போன பிறகு, மதினிதான் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு ஆப்பம் சுட்டு விற்று, தன் இரண்டு பிள்ளைகளையும், அவர்கள் இருவரும் சேர்ந்து தின்பதைவிட அதிகம் தின்கிற என்னையும் காப்பாற்றினாள். யுத்தம் முடிந்தும் விறகு யானை விலை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. பாய்லரிலிருந்து வாரிக் கொட்டும் சாம்பலில் எரியாமல் தங்கிய கரியைப் பெண்கள் பொறுக்கிக்கொள்ளலாம் என்பது எங்கள் பவர் ஹவுஸ் வழக்கம். மதினியின் அடுப்பு அதை நம்பித்தான் எரிந்தது.

அந்த நிலையில்தான் சர்க்கார் உத்தரவு வந்தது. பழைய நிலக்கரி எஞ்சினை மூடிவிட வேண்டும். இனி மலையிலிருந்து தண்ணீர்க் கரண்டு வரும், வீட்டுக்கு வீடு செலவு குறையும். இதை வாசலில் நின்று வாசிக்கிற பெருமை எனக்குக் கிடைத்தது. ஸ்டூலில் ஏறி, தண்ணீரை நானே மலையிலிருந்து சுமந்து வந்தவனைப்போல முழங்கினேன். கேட்டுக்கொண்டு நின்றவர்கள் பெரும்பாலும் கரிக்கூடைக்காரிகள். மதினி கேட்டாள்: "எல்லாம் சரிதான் தம்பி. அந்தக் கரண்டுல கரி மிஞ்சுமா?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏலே, இறங்கு. ஸ்டூலாவது மிஞ்சட்டும்" என்றார் பாய்லர் மேஸ்திரி.

மூடுகிற நாளில் அந்த மேஸ்திரி, அணையப்போகிற உலைக்கு மண்வெட்டி மண்வெட்டியாக நிலக்கரியை அள்ளிப் போட்டார். இஞ்சினியர் வந்து, எதற்கு இவ்வளவு என்று கேட்டார். "கடைசித் தீனி ஐயா, வயிறு நிறையட்டும்" என்றார். கரி பிடித்து எரியுமுன்பே நெருப்பை வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டார். அன்று கூடைகள் கனத்தன. மதினி ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "அண்ணாச்சி, இது எரியவே இல்லியே" என்றாள்.

"அவசரத்துல அரைவேக்காடாப் போச்சு. பேசாம தூக்கிட்டுப் போளா."

மறுநாள் அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊரான பெரியதாழைக்குப் போய்விட்டார். பில் எழுதுகிறவன் எந்தக் கரண்டுக்கும் தேவைப்படுவான் போல, நான் தப்பித்தேன்.

அந்தக் கரி மழைக்காலம்வரை தாக்குப்பிடித்தது. பிறகு மதினி விறகு வாங்கினாள். ஆப்பம் சிறுத்தது. "என்ன மதினி, ஆப்பம் அமாவாசையப் பாத்துப் போவுது" என்று துறைமுகத்து ஆட்கள் கேலி செய்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். கொஞ்ச நாளில் ஆப்பச்சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உப்பளத்துக்குப் போகத் தொடங்கினாள்.

உத்தரவு சொன்னபடி கரண்டு மலிந்ததென்னவோ உண்மை. என் சம்பளத்துக்கே எட்டுமளவு மலிந்து, எங்கள் வீட்டிலும் ஒரு பல்பு தொங்கியது. முதன்முதலாக அது எரிந்த சாயங்காலம், அளத்திலிருந்து வந்த மதினி அதன் அடியில் போய் நின்று, அடுப்பில் குளிர் காய்வதுபோலக் கையை உயர்த்திப் பிடித்தாள்.

"சூடு இருக்கத்தான் செய்யுது" என்றாள்.

வழக்கம்போல ஏதோ வேடிக்கை சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த வெளிச்சத்தில் அவள் கை தெரிந்துவிட்டது. உள்ளங்கை முழுக்க உப்பு அறுத்த வெடிப்புகள். சிம்னி விளக்கில் அதுவரை எனக்குத் தெரியவே இல்லை.