பூட்டிய மண்டபத்தில் கிரேஸின் கச்சேரி

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தாலே எரிச்சலாகி எழுந்து போய்விடுகிற ஆள் நான். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் உங்கள் மேல் கோபப்பட மாட்டேன், என் கோபமெல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது.

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் எங்கே, என்றைக்குக் கச்சேரி என்று சொல்லும் இணையப் பக்கம் ஒன்றை நடத்துகிறேன். போட்டிக்காரர்கள் பொய்யாக 'ரத்து' என்று கிளப்பிவிடுவது இங்கே சகஜம், ஆகவே மண்டப வாசலை என் கண்ணால் பார்க்காமல் ரத்து என்று போடவே மாட்டேன். ஜனங்கள் என் பக்கத்தை நம்புவது அதற்காகத்தான்.

அன்று சந்திரகிரியில் என் தங்கை கிரேஸின் கச்சேரி. சர்ச் பாடகர் குழுவைத் தாண்டி அவள் தனியாக மேடையேறும் முதல் நாள். மத்தியானம் ஏற்பாட்டாளன் போன் செய்து, "கேன்சல் ஆயிடுச்சு சார்" என்று வைத்துவிட்டான், காரணம் கிடையாது, திரும்ப அழைத்தால் எடுக்கவில்லை. பட்டுப்புடவையோடு நின்றவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் நேரே மண்டபத்துக்கே போனேன்.

கேட்டில் பூட்டு. விளக்கில்லை, ஆளில்லை. காவல்காரர், "காலையிலேர்ந்து தொறக்கவே இல்ல நைனா, எதுக்குக் கத்திக்கினு கீற?" என்றார். கிரேஸ் அழ ஆரம்பித்தாள். நான் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் வாசற்படியில் உட்கார்ந்து, ஆத்திரத்தோடு 'கச்சேரி ரத்து' என்று தட்டிப் போட்டேன்.

உடனே வசவு வந்து விழுந்தது. "என்னாண்ணா ரத்து? நாங்க உள்ள உக்காந்து கேட்டுக்கினு கீறோம், உன் பக்கத்த நம்பவே கூடாது" என்று ஒருவர் எழுத, தெலுங்கிலும் தமிழிலும் இன்னும் பலர் சேர்ந்துகொண்டார்கள். எழுந்து கேட்டை உலுக்கினேன், உள்ளே சத்தமே இல்லை. பொய் சொல்ல வேறு ஆளைப் பாருங்கள் என்று நானும் திட்டினேன். அதற்கு யாரோ ஒரு வீடியோ அனுப்பினார்கள்.

மேடையில் கிரேஸ், அதே புடவையில், பாடிக்கொண்டிருக்கிறாள். என் அருகில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பவளும் கிரேஸ்.

"அண்ணா, நான் இங்கதானே கீறேன்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஏற்பாட்டாளன் இன்றுவரை அகப்படவில்லை, வீடியோ அனுப்பியவர் யாரென்றும் தெரியவில்லை, பக்கத்தின் பெயர் கெட்டதுதான் மிச்சம். அதைக்கூட விட்டுவிடுவேன். ஆனால் அந்த வீடியோவின் முன்வரிசையில் நானும் இருக்கிறேன். சுற்றிலும் எல்லாரும் கை தட்டுகிறார்கள், கிரேஸ் என்னையே பார்த்துப் பாடுகிறாள், நான் மட்டும் தலையைத் தூக்காமல் போனில் எதையோ தட்டிக்கொண்டிருக்கிறேன்.